தொடாத மண்ணில் தோண்டிய குழிகள்

தோண்டாதே என்று சொல்வதற்காக ஒரு சர்க்கார் இயக்ககம் எங்கள் தெருவில் தோண்டிய குழிகளைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற எலியேசர். சாயங்காலம் நாலரைக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன். ஆகவே நானே எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே லைனைத் தாண்டி முடிச்சூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் காலனி வரும். காலனி என்று சொல்வது பத்திரத்தில் அப்படிப் போட்டிருப்பதால்தான். அறுபத்தெட்டில் அங்கே இருந்தது என் வீடு, எல்லைக் கற்கள், சூரைமுள், காரைச்செடி, ஓணான்கள். என் வீட்டுக்கு நேர் எதிர் மனை தோத்தாத்ரியுடையது. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் தலைமை குமாஸ்தா. யாரையும் அதிர்ந்து பேசாத மனுஷன். மின்சார ரயிலில் யாராவது காலை மிதித்துவிட்டால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவர் மனைவி பட்டு தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய மனை அது.

அவர்கள் அப்போது பல்லாவரத்தில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரி லோகநாயகி, காலையில் குடித்தனக்காரர்கள் தண்ணீர் இழுத்து முடிந்ததும் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். அப்புறம் பிள்ளை வாந்தியெடுத்தாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, கயிறு வெளியே வராது. அதனால் பட்டுவுக்கு வீடுகூட இரண்டாம்பட்சம்தான். "கிணறு வேணும் சார், என் கிணறு. நடுமத்தியானத்திலே ஒரு வாளி இழுத்து அப்படியே கீழே கொட்டினாலும் ஏன்னு ஒருத்தி கேக்கப்படாது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். கிணறு வெட்டுகிற மேஸ்திரி கன்னியப்பன் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினான். என் கிணற்றை வெட்டியவனும் அவனே. அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"கடப்பாரையைக் கீழே போடு!" என்று ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது.

கன்னியப்பன் கீழே போட்டான். அது ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் குத்தி நின்றது. ஜீப்பிலிருந்து குதித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவர்தான் உலர்நிலத் தாவரப் பன்மைக் காப்பு இயக்ககத்தின் இயக்குநர் டாக்டர் வேதசிரோமணி. காக்கித் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டின பூதக்கண்ணாடி. நேராக மனைக்குள் ஓடி மண்டியிட்டார். அங்கே சாம்பல் நிறத்தில், விரல் உயரத்தில் மூன்று செடிகள் நின்றன. எள்ளுப் போல மஞ்சள் பூ. நான் ஒரு வருஷமாக அந்த மனையைத் தினமும் பார்க்கிறவன். அந்தச் செடிகளைப் பார்த்ததே இல்லை. டாக்டரின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது.

"மிஸ்டர் தோத்தாத்ரி, உங்கள் மண் ஏர் படாத மண், மண்வெட்டி படாத மண்" என்றார். "உலர்ந்த நிலத்தில் மேல்மண் என்பது ஒரு தோல். ஒருமுறை கிழித்துவிட்டால் ஆறாது. கிழித்த இடத்தில் குப்பைச் செடிகள் வந்து குடியேறும். பழைய குடிகள் ஒழிந்துபோவார்கள். இந்தச் செடி வேறெங்கும் இல்லை. இதைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. மண்ணைத் தொடக்கூடாது!"

அவர் சொன்ன விஞ்ஞானம் அத்தனையும் சரி. அதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்காது.

கன்னியப்பன் செடியைக் குனிந்து பார்த்தான். "இத்தையா சார்? ஆடே மோந்து பாத்துட்டு அப்பால பூடும்."

"அதனால்தான் பிழைத்திருக்கிறது" என்றார் டாக்டர்.

"சார், அப்போ கிணறு?" என்று தோத்தாத்ரி மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் அன்போடு அவர் தோளில் கை வைத்தார். ஒரு வருஷம் ஆய்வு நடக்கும். அதுவரை மனையில் யாரும் ஒரு பிடி மண்ணைக் கிளறக்கூடாது. ஆய்வின் முடிவில் செடி இங்கே நிலைத்திருப்பதாகத் தெரிந்தால் மனை இயக்ககத்துக்கு. தோத்தாத்ரிக்குத் திண்டிவனத்துக்கு அப்பால் மாற்று மனை. நிலைக்கவில்லை என்றால் மனை அவருக்கே.

"திண்டிவனத்துக்கு அப்பாலிருந்து பாரிமுனைக்கு எப்படி சார் போறது?"

"ரயில் இருக்கிறதே!" என்றார் டாக்டர். ஜீப் போய்விட்டது.

அன்றைக்குப் பட்டு எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மூணே மூணு செடி. நான் போய் ஒரு கையாலே பிடுங்கி எறிஞ்சா எல்லாம் தீர்ந்தது" என்றாள்.

"சர்க்கார் விஷயம்டி" என்றார் தோத்தாத்ரி. அப்புறம், "அதுவும் பாவம், அது என்ன பண்ணித்து?" என்றார். இப்படிப்பட்ட ஆசாமியை வைத்துக்கொண்டு பட்டு என்ன செய்வாள்!

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகைகள் வந்தன. 'இங்கே மண்ணைத் தொடாதீர்கள்' என்று தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, இந்தியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவு குழி வெட்டி ஜல்லி போட்டு நிறுத்தினார்கள். இந்திப் பலகையை மறுநாளே பிடுங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, காலம் அப்படி. பிடுங்கினார்கள். பலகை போயிற்று, குழி நின்றது.

பலகை வைத்தால் போதுமா, ஆடு வாசிக்குமா? கம்பிவேலி வந்தது. நாலு பக்கமும் கல்கால் நட வரிசையாகக் குழிகள். வேலியைத் தாண்டி மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டால்? வேலிக்கு உள்பக்கம் சுற்றிலும் ஒரு வாய்க்கால். இதையெல்லாம் பாதுகாக்க ஒரு காவல்காரர் வேண்டாமா? காவல்காரருக்குக் கொட்டகை, கொட்டகைக்கு அஸ்திவாரம். தோத்தாத்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். ஒருநாள் செருப்பு அறுந்து கம்பிக்கு உள்ளே போய் விழ, குனிந்து கைவிட்டு எடுத்தார். காவல்காரர் விசில் ஊதி, மண்ணைத் தொட்டதற்காக அவரைக் கண்டித்தார். அப்போது காவல்காரரின் கையில் மண்வெட்டி இருந்தது.

பிறகு திறப்பு விழா. தொடாத மண்ணை முறைப்படித் திறந்து வைத்தாக வேண்டுமாம். ஷாமியானாவுக்கு மூங்கில் ஊன்றினார்கள். விருந்தினராக ஒரு பெரிய மனிதர் வந்தார். பெரிய மனிதர் வந்தால் மரக்கன்று நட வேண்டும். நடாமல் எந்தப் பெரிய மனிதர் திரும்பிப் போயிருக்கிறார்? ஒரு தூங்குமூஞ்சி மரக்கன்றுக்கு ஆளுயரக் குழி வெட்டி, வண்டி வண்டியாகச் செம்மண்ணும் சாணி எருவும் கொட்டினார்கள். பெரிய மனிதர் நட்டார், கைதட்டினோம். புகைப்படக்காரர் கேமராவைப் பார்த்து, "மூடியைக் கழற்றலே சார், இன்னொரு தடவை" என்றார். நட்ட கன்றைப் பிடுங்குவது அபசகுனம் என்று பெரிய மனிதர் சொன்னதால், பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினார்கள்.

"இந்தப் புனித மண்ணில் மனிதனின் கை பட்டதில்லை" என்று பெரிய மனிதர் கை கழுவிக்கொண்டே பேசினார்.

இதெல்லாம் வெறும் ஏற்பாடுகள். ஆய்வு அதற்கப்புறம்தான் ஆரம்பமாயிற்று. துளை போடுகிற இரும்புக் கருவியோடு ஆட்கள் வந்து மனை முழுக்கக் கட்டம் கட்டமாகத் துளைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியருகே போய், "டாக்டர், தொடாத மண்ணை எதற்குத் துளைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மிஸ்டர் எலியேசர், நீங்கள் ஓர் ஆசிரியர். கிளறப்படவில்லை என்பதைக் கிளறிப் பார்த்தால்தானே ருசுப்படுத்த முடியும்?"

"சரி, ருசுவாயிற்றா?"

"அதுதான் விசித்திரம். எந்த இடத்தில் துளைத்தாலும் மண் சமீபத்தில் கிளறப்பட்டதாகவே தெரிகிறது. இன்னும் ஆழமாகப் போக வேண்டும்."

ஐப்பசி மழை வந்தது. அடேயப்பா, என்ன வளர்ச்சி! வெட்டின இடமெல்லாம் குப்பைமேனி, நாயுருவி, நெருஞ்சி, ஊமத்தை, எருக்கு. சாணி எருவோடு வந்த கீரைகள் ஒரு பக்கம். ஆய்வாளர்கள் மத்தியானச் சாப்பாட்டை மனைக்குள்ளேயே முடித்துக் கை உதறுகிறவர்கள். அதனால் தக்காளி, மிளகாய், தர்பூசணிக் கொடி, ஒரு புளியங்கன்று. ஆரம்பத்தில் டாக்டர் எண்ணியபோது அந்த மனையில் பதினோரு வகைச் செடி. இப்போது நாற்பத்திரண்டு. பழைய பதினொன்றில் பாதிக்கு மேல் காணோம் என்பது வேறு விஷயம். கூட்டலில் அது தெரியாது.

டாக்டர் குதித்தார். நிஜமாகவே குதித்தார், நான் பார்த்தேன். "நம் பாதுகாப்பில் தாவரப் பன்மை ஏறத்தாழ நான்கு மடங்கு!" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

பட்டு வேலிக்கு வெளியிலிருந்து, "ஏன்னா, அந்தத் தர்பூசணி அவாளோட வந்த பியூன் துப்பின விதையோன்னோ?" என்று கேட்டாள்.

"அம்மா, விதை பரவல் ஓர் இயற்கை நிகழ்வு. துப்பினவர் ஒரு கருவி" என்றார் டாக்டர்.

அந்தக் காட்டுக்கு நடுவில் சாம்பல் செடிகள் மூன்றும் எப்படியோ தாக்குப்பிடித்து நின்றன. மார்கழியில் அவற்றுக்கும் நேரம் வந்தது. மெட்டில்டா என்று ஒரு சேகரிப்பு அதிகாரி, நல்ல பெண், சிரித்த முகம், அட்டைகளும் பழைய செய்தித்தாள்களும் எடுத்துக்கொண்டு வந்தாள். அபூர்வத் தாவரத்துக்கு மாதிரி எடுத்து அனுப்பினால்தான் அது அபூர்வம் என்று மேலிடம் ஒப்புக்கொள்ளும். மாதிரி வேரோடு இருக்க வேண்டும். சர்க்காருக்குப் போகிற எதுவும் முப்பிரதியாகப் போக வேண்டும். டெல்லிக்கு ஒன்று, தலைமையகத்துக்கு ஒன்று, ஆபீஸ் காப்பி ஒன்று.

"இருக்கிறதே மூணுதானேம்மா?" என்றேன்.

"ஆமா சார், நல்லவேளை! ரெண்டுதான் இருந்திருந்தா டெல்லிக்கு என்ன பதில் சொல்றது?" என்று சிரித்துக்கொண்டே மூன்றையும் வேரோடு எடுத்து, செய்தித்தாளில் வைத்து அழுத்தி, கட்டிக்கொண்டு போனாள்.

அந்த இடத்தில் மூன்று சின்னக் குழிகள்தான் மிஞ்சின. ஆனால் பட்டுவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம் பார்த்தேன். செடி போயிற்று, மனை திரும்பிவிடும் அல்லவா? தோத்தாத்ரி மட்டும், "மூணையுமா? ஒண்ணு விட்டிருக்கப்படாதோ?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

மனை திரும்பவில்லை. சித்திரை வெயிலில் டெல்லியிலிருந்து ஆலோசகர் சுப்ரமணியன் வந்தார். நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார வைத்தார்கள்.

"செடி எங்கே?" என்றார் ஆலோசகர்.

டாக்டர் அட்டையைத் திறந்து காட்டினார். "முப்பிரதியும் பத்திரமாக இருக்கிறது சார்."

"உயிரோடு எங்கே?"

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "விதிகளில் உயிரோடு என்று இல்லையே சார்" என்றார். ஆனால் அவர் லேசுப்பட்டவரா? உடனே சமாளித்துக்கொண்டார். "சார், உலர்நிலச் செடி சாவதில்லை. அதன் விதை மண்ணுக்குள் உறங்கும். வருஷக்கணக்கில் உறங்கும். அதைத் தேடி எடுத்துவிட்டால் செடி நிலைத்திருப்பதாகவே அர்த்தம். மனையை நாமே எடுத்துக்கொள்ளலாம்."

"தேடுவது எப்படி?"

"தோண்டித்தான் சார்."

வேலிக்கு வெளியே தோத்தாத்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டார். பட்டு, "திண்டிவனம் நிச்சயமாயிடுத்து" என்று மட்டும் சொன்னாள்.

தோண்டுவதற்கு ஆள் வேண்டுமே! அந்த வட்டாரத்தில் ஆழத் தோண்டத் தெரிந்தவன் ஒருவன்தான். கன்னியப்பனை இயக்ககமே கூப்பிட்டு வேலையில் வைத்தது. அடிக்கு ஓர் அடி மண்ணைத் தனித்தனிக் குவியலாகப் போட்டு, குச்சியில் எண் எழுதிச் செருக வேண்டும். டாக்டர் ஒவ்வொரு குவியலையும் பூதக்கண்ணாடியால் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "இன்னும் ஓர் அடி" என்பார்.

"குழி ஏன் வட்டமாக இருக்கிறது? சதுரமாக அல்லவா உத்தரவு?" என்று ஆலோசகர் கேட்டார்.

"நமக்கு ரவுண்டாத்தான் சார் வரும். கை அப்டியே பழகிப்பூட்ச்சு" என்றான் கன்னியப்பன். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான் என்று நான் சொல்ல மாட்டேன், வெயில் அப்படி.

செம்மண் போய்ச் சுக்கான் கல் வந்தது, சுக்கான் போய் உளுத்த பாறை வந்தது. விதை மட்டும் வரவில்லை. டாக்டருக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. கயிறு கட்டின கூடையில் தாமே உட்கார்ந்து உள்ளே இறங்கினார். அடியில் நின்றுகொண்டு, மேலே இருந்த ஆலோசகருக்கு மண் அடுக்குகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். குழிக்குள்ளிருந்து குரல் கம்பீரமாக வந்தது.

"ஒவ்வோர் அடுக்கும் லட்சம் வருஷங்களின் வறட்சியைச் சொல்கிறது. இங்கே ஈரம் என்பதே கிடையாது. ஈரம் என்ற பேச்சுக்கே... கன்னியப்பன், என் பூட்ஸுக்குள் என்னமோ ஜில்லென்று இருக்கிறதே, என்ன அது?"

"தண்ணி சார்."

"எங்கிருந்து வருகிறது?"

"கீய இருந்து சார்."

"யாரைக் கேட்டு வருகிறது?"

பாறை இடுக்கில் ஊற்று பீறிட்டது. டாக்டர் முழங்கால்வரை நனைந்தபடி இன்னும் கொஞ்சம் வறட்சியைப் பற்றிப் பேசினார். இடுப்பைத் தொட்டதும், "தூக்குங்கள்!" என்றார். வேலிக்கு வெளியே பட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆலோசகர் குடைக்குக் கீழேயிருந்து கேட்டார்: "டாக்டர், உங்கள் இயக்ககத்தின் முதல் வார்த்தை என்ன?"

"உலர்நிலம் சார்" என்றார், சொட்டச் சொட்ட நின்ற டாக்டர்.

"இது உலர்நிலமா?"

எல்லோரும் குழியைப் பார்த்தோம். களக் களக் என்று சத்தம் கேட்டது.

"அல்ல" என்று ஆலோசகரே பதில் சொன்னார். "இன்றைக்கு மட்டும் அல்ல, ஆரம்பத்திலிருந்தே அல்ல. ஈரநிலத்தில் உலர்நிலச் செடி இருந்திருக்க முடியாது. இல்லாத செடியை யாரும் அழித்திருக்கவும் முடியாது. இது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அந்த நாற்பத்திரண்டு வகை, சார்?" என்று டாக்டர் கெஞ்சினார்.

"அது அறிக்கையில் இருக்கட்டும். இடம் மட்டும் வேண்டாம்."

மறுவாரமே மனை தோத்தாத்ரிக்குத் திரும்பிவிட்டது, கிணற்றோடு. வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பட்டுவுக்கு வீடு எழும்புகிறவரை பொறுமை இல்லை. லோகநாயகியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, மனை மூலையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். வந்த அன்றைக்கே நடுமத்தியானத்தில் ஒரு வாளி இழுத்துக் கீழே கொட்டினாள். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. இன்னொரு வாளி இழுத்துக் கொட்டினாள். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். அது அவளுடைய சந்தோஷம், நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆடியில் இரண்டு மழை பெய்தது. வெயில் வந்ததும் பட்டு கயிற்றுக் கட்டிலில் வேஷ்டியை விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். திடீரென்று, "ஏன்னா! எலியேசர் சார்! இங்கே வாங்கோளேன்!" என்று கூப்பிட்டாள்.

குழி தோண்டினபோது முதலில் எடுத்த மேல்மண் தனிக்குவியலாக ஓரத்தில் கிடந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், குண்டூசித் தலை மாதிரி இலைகள். எண்ண முடியாது, அத்தனை! டாக்டர் சொன்னது சரி. விதை உறங்கிக்கொண்டுதான் இருந்தது; அவருடைய பூதக்கண்ணாடிக்குத்தான் அகப்படவில்லை.

செடி நிலைத்திருந்தால் மனை இயக்ககத்துக்கு. கிணறும்தான்.

"சொல்லணுமோ?" என்றார் தோத்தாத்ரி. வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"சொன்னா என்ன பண்ணுவா?" என்றாள் பட்டு.

தோத்தாத்ரி யோசித்தார். "முப்பிரதி எடுப்பா" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, முடிச்சூர் ரோட்டில் ஜீப் சத்தம். நான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், தோத்தாத்ரி மறுபக்கம். வடாமும் வேஷ்டியுமாகக் கட்டிலைப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு ஓடி, குவியலுக்கு மேலே நிறுத்தினோம். வேஷ்டி நாலு பக்கமும் தொங்கி எல்லாவற்றையும் மறைத்தது.

டாக்டர் வேதசிரோமணி இறங்கினார். விட்டுப்போன தமிழ்ப் பலகையை எடுத்துப் போக வந்தாராம். ஸ்டோரில் கணக்குக் கேட்கிறார்கள். ஆட்கள் பலகையைப் பெயர்த்தார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"மிதிச்சுடாதேங்கோ, வடாம் ஈரமா இருக்கு" என்றாள் பட்டு.

"ஈரமா?" என்று டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். அந்த வார்த்தையே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெருமூச்சு விட்டார். "மிஸ்டர் தோத்தாத்ரி, அந்தச் செடியை நான் எவ்வளவு நேசித்தேன் தெரியுமா? இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துவிடுவேன். ஏதாவது தென்பட்டதா?"

"ஒண்ணுமில்லை சார்" என்றார் தோத்தாத்ரி. ஐம்பது வயதில் முதல் பொய், நன்றாகவே வந்தது.

ஜீப் மறைந்ததும் கட்டிலை நகர்த்தினோம். பட்டு கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்றப் போனவள் என்னைப் பார்த்தாள். "வேண்டாம்மா, அதுக்குப் பழக்கமில்லை" என்றேன்.

"பின்னே என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போறும்" என்றார் தோத்தாத்ரி.

பட்டு தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கூப்பிட்டாள். கோடு நேராக அந்தக் குவியலின் மேல் போவதாக இருந்தது. அங்கேதான் சமையலறை வரவேண்டும். இந்த மேட்டைத் தொடாமல் சுவரை உள்ளே தள்ளிப் போடு என்றாள்.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது! சமையல்கட்டு குருவிக் கூடாட்டம் ஆய்டும்மா. வூடே கோணலாப் பூடும். பாக்கறவங்க ஏன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"எனக்குக் கோணல்தான் பிடிக்கும்னு சொல்லு. செடியைப் பத்தி மூச்சு விட்டே, கொன்னுடுவேன்" என்றாள் பட்டு. "தெரிஞ்சா பாதுகாக்க வந்துடுவா."